பூக்கட்டி வாங்கிய கார்

“உன் புருஷன் விக்கிறது காரா, பெரிய சைஸ் ஹேன்ட்ஃபோனா? ராத்திரி சார்ஜ் போட மறந்துட்டா காலையில அப்பா அதைத் தள்ளிக்கிட்டுப் போவாரா?”

“அப்பா தள்ள வேணாங்க்கா. அத்தான் விக்கிற காரைத்தான் இன்னும் கொஞ்ச நாள்ல மியூசியத்துக்குத் தள்ளிக்கிட்டுப் போகணும்.”

“ரோஷி, வாயை அடக்கு!”

“நீ மொதல்ல அடக்கு லா! எப்பப் பாத்தாலும் எம் புருஷன் மேலயே உனக்குக் கண்ணு.”

“யாருடி கண்ணு வெச்சா? அவனுக்கு இந்தத் தொழிலக் கத்துக் குடுத்ததே எம் புருஷன். டை கட்டக்கூடத் தெரியாம வந்து நின்னவன்தானே!”

“அதான் இப்ப டையே இல்லாம டீஷர்ட்லயே விக்கிறாரு. அத்தான்தான் இன்னும் கழுத்துல கயித்தோட நிக்கிறாரு.”

சிங்கப்பூர் தேக்கா சந்தைக்குப் பின்னால், பஃபலோ ரோடு புளோக்கில் பதினோராவது மாடியில் நாங்கள் யாரும் உள்கதவைச் சாத்திக்கொண்டு சண்டை போடுவதில்லை. சாத்தினால் காற்று வராது. இரும்புக் கதவை மட்டும் பூட்டிவிட்டு மற்றதை அகலத் திறந்துபோட்டுத்தான் குடும்பம் நடத்துகிறோம். ஆகவே மேற்படிச் சண்டையை ஒட்டுக்கேட்டதாக நினைக்க வேண்டாம். வாசல் செடிக்குத் தண்ணீர் ஊற்றும்போது காதில் விழுந்தது. அன்று மதியம் எங்கள் மாடியில் பல வீட்டுக்காரர்களுக்கும் ஒரே நேரத்தில் செடிக்குத் தண்ணீர் ஊற்றும் வேலை இருந்தது. செடி இல்லாதவர்களும் வெளியே நின்றார்கள்.

முதலில் கத்தியவள் நிரஞ்சனா, எங்கள் மாடி இராமசாமியின் மூத்த பெண். பதில் கொடுத்தவள் இளையவள் ரோஷினி. இருவரும் கல்யாணமாகி வேறு வேறு பேட்டைகளில் குடியிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் கணவன்மாரோடு அம்மா வீட்டுக்குச் சாப்பிட வருவார்கள். சாப்பாட்டுக்கு முன் பாசமும் பின்பு சண்டையும் வழக்கம். அன்று சோறு வடிப்பதற்கு முன்பே ஆரம்பித்துவிட்டது.

காரணம் இராமசாமியின் கார். இந்த ஊரில் கார் வைத்துக்கொள்ள அரசாங்கத்திடம் சிஓஇ என்று ஒரு சான்றிதழ் ஏலத்தில் எடுக்க வேண்டும். அதன் ஆயுள் பத்து வருஷம். இராமசாமியின் காருக்கு அந்தப் பத்தும் முடியும் தறுவாயில் இருந்தது. தேக்காவில் வாழையிலை விற்று, வீடும் வாங்கி, காரும் வாங்கிய மனிதர் அவர். கார் இல்லாமல் இருப்பதைக் கோவணம் இல்லாமல் இருப்பதாகவே நினைப்பவர். புதுசு வாங்குவதென்று முடிவு செய்துவிட்டார். அதில் சிக்கல் இல்லை. இரண்டு மருமகன்களும் கார் விற்கிறவர்கள் என்பதுதான் சிக்கல். அப்படிப்பட்ட மாமனார் பேசாமல் பஸ்ஸில் போய்விடுவது நல்லது. அவருக்கு அது தோன்றவில்லை.

மூத்த மாப்பிள்ளை ஆதவன், லெங் கீ பக்கம் ஜப்பான் கார் விற்கும் ஒரு பழைய ஷோரூமில் ரொம்ப வருஷமாக இருக்கிறான். வெள்ளைச் சட்டை, டை, பாலிஷ் போட்ட ஷூ. வருகிற வாடிக்கையாளரை உட்காரவைத்து, பிள்ளைகள் எந்தப் பள்ளிக்கூடம் என்று விசாரித்து, அப்புறம்தான் காரைப் பற்றிப் பேசுவான். இளையவன் ஜெய், கல்யாணமான புதிதில் வேலை இல்லாமல் இருந்தபோது ஆதவன்தான் கையைப் பிடித்துக் கூட்டிப் போய்த் தன் ஷோரூமிலேயே சேர்த்துவிட்டான். ஜெய் தொழிலைக் கற்றுக்கொண்டான். கற்றுக்கொண்ட கையோடு, மின்சாரக் கார் விற்கப் புதிதாக வந்த ஒரு கம்பெனிக்குத் தாவிவிட்டான்.

அதுவரைக்கும் ஆதவன் நல்லவனாகத்தான் இருந்தான். தாவிய சகலை பொத்தென்று விழுந்திருந்தால் இன்னும் நல்லவனாக இருந்திருப்பான். ஜெய் விழவில்லை. அவனுடைய ஷோரூம் ஒரு பெரிய கடைத்தொகுதிக்குள், துணிக்கடைக்கும் ஐஸ்கிரீம் கடைக்கும் நடுவில் இருந்தது. உள்ளே காப்பி இலவசம். ஐஸ்கிரீம் வாங்க வந்தவர்கள்கூடக் கார் வாங்கிக்கொண்டு போனார்கள் என்று ரோஷினி சொல்வாள். அவள் சொல்வதில் பாதியைத் தள்ளிவிட்டாலும் மீதிப் பாதியே ஆதவனுக்குத் தூக்கத்தைக் கெடுக்கப் போதுமானது.

அவனுக்கு வயிறு எரிந்தது எப்போது என்று சரியாகச் சொல்ல முடியும். அது மீன் தலையில் ஆரம்பித்தது. இராமசாமியின் மனைவி லீலா அக்கா ஞாயிற்றுக்கிழமை வைக்கும் மீன் குழம்பில் தலை எப்போதும் மூத்த மாப்பிள்ளைக்கு. வருஷக்கணக்காக அப்படித்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜெய் புது வாட்ச் கட்டிக்கொண்டு, மாமியாருக்கு ஒரு மசாஜ் நாற்காலியும் வாங்கிக்கொண்டு வந்தான். அன்றைக்கு மீன் தலை தடம் மாறி ஜெய் தட்டில் போய் விழுந்தது. லீலா அக்கா வேண்டுமென்று செய்தாரா, கரண்டி அந்தப் பக்கம் போய்விட்டதா என்று அவருக்கே தெரியாது. ஆதவன் வால் துண்டைப் பிசைந்துகொண்டே, “எனக்கு இப்பல்லாம் தலை ஒத்துக்கிறதில்ல அத்தை” என்றானாம். ஒத்துக்கொள்ளவில்லை என்பது அவன் முகத்திலேயே தெரிந்ததாம்.

இவ்வளவும் பெருமை சம்பந்தப்பட்டது. ஆனால் அந்த ஜூன் மாதத்தில் விஷயம் சோறு சம்பந்தப்பட்டதாகிவிட்டது. பெட்ரோல் கார் கேட்டு வருகிறவர்கள் குறைந்துவிட்டதால் ஆதவன் கம்பெனியில் ஆட்குறைப்பு அறிவித்துவிட்டார்கள். ஷோரூம் சுவரில் யார் எத்தனை கார் விற்றார்கள் என்று ஒரு பலகை. மாதக் கடைசியில் அந்தப் பலகையின் அடியில் இருக்கிறவர்கள் வீட்டுக்கு. ஆதவன் பெயர் அடியில் தொங்கிக்கொண்டிருந்தது. இன்னும் ஒரே ஒரு கார் புக்கிங் ஆனால் மேலே ஏறிவிடுவான்.

அந்த ஒரே ஒரு கார், மாமனாருடையது.

நிரஞ்சனா அன்றைக்கு அந்தக் கத்துக் கத்தியது இதனால்தான். ஆனால் காரணத்தைத் தங்கச்சியிடம் சொல்லிவிடவில்லை. புருஷனுக்கு வேலை போகப் போகிறது என்று தங்கச்சியிடம் சொல்வதைவிடத் தேக்கா மணிக்கூண்டு மாதிரி நடுத்தெருவில் நின்று அழலாம். தேக்காவில் மணிக்கூண்டு இல்லையே என்பீர்கள். அவளும் எங்கே அழுதாள்? அம்மாவை மட்டும் சமையலறைக்குள் தள்ளிக்கொண்டு போய்க் காதில் சொன்னாள். லீலா அக்காவுக்குக் காது கொஞ்சம் மந்தம். அதனால் எங்களுக்கும் தெரிந்தது.

வேடிக்கை என்னவென்றால், அதே மாமனார் காரை ஜெய்யும் தன் கணக்கில் எழுதி வைத்திருந்தான். “எம் மாமனாரு கார் ஒன்னு கையில இருக்கு, கன்ஃபர்ம்” என்று மேனேஜரிடம் பீற்றிக்கொண்டிருந்தான். பெரிய மாப்பிள்ளையைவிடச் சின்ன மாப்பிள்ளைக்குத்தான் செல்வாக்கு என்று நிரூபித்துவிட வேண்டும் என்பதைத் தவிர அவனுக்கு அப்போது வேறு அவசரம் எதுவும் இருப்பதாக யாருக்கும் தெரியாது.

“போதும் நிறுத்துங்க ரெண்டு பேரும்!” என்று இராமசாமி கடைசியில் மேசையைத் தட்டினார். “எனக்கு ரெண்டு மாப்ளையும் ஒன்னுதான். நான் யாருகிட்டயும் வாங்கல. வேற எங்கயாவது போய் வாங்கிக்கிறேன்.”

சண்டைக்காரர்கள் நான்கு பேரும் முதல்முறையாக ஒரே பக்கம் சேர்ந்தார்கள்.

“மாமா, வெளிய தெரிஞ்சா எங்களுக்கு அசிங்கம்” என்றான் ஆதவன்.

“ஆமா மாமா. ரெண்டு மருமகனையும் நம்பலன்னு பேசுவாங்க” என்றான் ஜெய்.

லீலா அக்காதான் வழி சொன்னார். “அம்மா சன்னதியில பூக்கட்டிப் பாத்துருங்க. அவ சொன்னா யாரும் குறை சொல்ல முடியாது.”

சிவப்பு வந்தால் ஆதவன், வெள்ளை வந்தால் ஜெய். வெள்ளிக்கிழமை காலை, செராங்கூன் ரோடு காளியம்மன் கோயில். இரண்டு பூவையும் வாழையிலைத் துண்டில் தனித்தனியாகப் பொட்டலமாகக் கட்டிக்கொண்டு வருவது மூத்த பெண் நிரஞ்சனாவின் பொறுப்பு. ரோஷினி அதற்கு மறுப்புச் சொல்லவில்லை. அவள் வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு முன்னால் எழுந்திருக்கிற பெண் இல்லை.

வெள்ளிக்கிழமை கோயிலில் எங்கள் மாடியிலிருந்தும் சிலர் இருந்தோம். வெள்ளிக்கிழமை என்றால் கோயிலுக்குப் போகத்தானே வேண்டும். பொட்டலங்கள் இரண்டும் அச்சில் வார்த்ததுபோல ஒரே அளவு. நிரஞ்சனா நன்றாகக் கட்டியிருந்தாள். குருக்கள் அம்மன் பாதத்தில் வைத்து எடுத்துக் கொடுத்தார். சம்பந்தமில்லாத யாராவது ஒருவர் எடுத்துக் கொடுக்க வேண்டும் அல்லவா? வாசலில் ஊதுபத்தியைப் பிடித்துக் கும்பிட்டுக்கொண்டிருந்த ஒரு சீனக் கிழவியை இராமசாமி கூப்பிட்டார். அவர் இரண்டு பொட்டலத்தையும் பார்த்துவிட்டு, மலாயில், “என்ன, லாட்டரி நம்பரா?” என்று ஆவலோடு கேட்டார். இல்லை, கார் என்றதும் பெருமூச்சு விட்டுக்கொண்டு ஒன்றைத் தூக்கிக் கொடுத்தார்.

பிரித்தார்கள். செவ்வரளி.

ஆதவன் அப்படியே நெடுஞ்சாண்கிடையாக விழுந்துவிட்டான். எழுந்தபோது கண்ணெல்லாம் தண்ணீர். “அம்மா என்னைக் கைவிடல மாமா, கைவிடல” என்று மாமனார் கையைப் பிடித்துக்கொண்டான். ஜெய் தோளைக் குலுக்கிவிட்டு, “கங்ராட்ஸ் ப்ரோ” என்றான். இரண்டாவது பொட்டலத்தை யாரும் கவனிக்கவில்லை. நிரஞ்சனா அதை, சாமிப் பூவைக் கண்ட இடத்தில் போடக் கூடாது என்று சொல்லிக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள்.

பஃபலோ ரோட்டு அஞ்சடி நடைபாதையில் பூக்கடை வைத்திருக்கிற அற்புதமேரியும் எங்கள் மாடிதான். அன்று சாயங்காலம் லிஃப்டுக்குக் காத்திருக்கும்போது, “காலையில நிரஞ்சனா வந்து அரளி வாங்கிட்டுப் போனா” என்றாள்.

“வாங்கத்தானே வேணும். பூக்கட்டிப் பாக்கப் போனாங்களே.”

“அரளி மட்டும்தான் வாங்குனா.”

“வெள்ளை?”

“வெள்ளைக்கு மல்லிப்பூ தரவான்னு கேட்டேன். வீட்ல இருக்குன்னுட்டா.” அற்புதமேரி சுற்றிலும் ஒரு பார்வை பார்த்தாள். “அவ வீடு ஈசூன்ல பதிமூணாவது மாடி. அங்க என்ன மல்லிகைத் தோட்டமா வெச்சிருக்கா? நமக்கெதுக்குப்பா, நான் வேதக்காரி, உங்க அம்மன் விவகாரத்துல நான் வாயத் தொறக்கவே மாட்டேன்.”

அவள் வாயைத் திறக்காமலே செய்தி இரண்டு நாளில் புளோக் முழுக்கப் போய்விட்டது. தெரியாத வீடு ஒன்றே ஒன்றுதான். அந்த வீட்டுக்குப் போய் யார் சொல்வது? சொன்னால் வேடிக்கை அன்றோடு முடிந்துவிடும்.

புதுக் கார் வந்தது. கோயில் வாசலில் மாலை போட்டு, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து, ஆதவன்தான் ஏற்றி நசுக்கினான். ஜெய் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டே, “ப்ரோ, எஞ்சின் சத்தம் கேக்குது பாருங்க, மாமாவுக்குக் காது கேக்கிற வயசுலயே வாங்கிட்டாரு” என்றான். எல்லாரும் சிரித்தார்கள். ஆதவனும் சிரித்தான். அவன் பெயர் பலகையில் மேலே ஏறியிருந்தது. மாதக் கடைசியில் அவனுக்குப் பக்கத்து மேசைக்காரர்கள் அட்டைப் பெட்டியில் சாமான்களை அள்ளிக்கொண்டு போனார்கள். ஆதவன் வாசல் வரை போய் அவர்களுக்கு லிஃப்டைப் பிடித்துக் கொடுத்தானாம். அவ்வளவு நல்ல மனசு அன்றைக்கு.

ஜூலையில் ஜெய்யின் முறை வந்தது. மின்சாரக் கார் கம்பெனிகள் போட்டி போட்டுக்கொண்டு வந்ததில் அவனுடைய கம்பெனிக்கு மூச்சு முட்டியிருக்கிறது. கடைத்தொகுதியில் இருந்த ஷோரூம்களில் பாதியை மூடினார்கள். ஒவ்வொரு ஷோரூமிலும் அந்தக் காலாண்டு விற்பனையில் கடைசியில் வந்தவர்களை அனுப்பினார்கள். ஜெய் கடைசியில் வந்திருந்தான். மேனேஜர் அவனைக் கூப்பிட்டு, “உன் மாமனார் கார் கன்ஃபர்ம்னு சொன்னியே, எங்க?” என்று கேட்டாராம். அந்த ஒன்று வந்திருந்தால் தப்பித்திருப்பான். ஐஸ்கிரீம் கடைக்குப் பக்கத்தில் சோம்பேறியாகக் காப்பி குடித்துக்கொண்டிருந்தவன் என்று நாங்கள் நினைத்தவனுக்கும் உள்ளுக்குள் அதே பலகைதான் தொங்கியிருக்கிறது.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை நிரஞ்சனாவைப் பார்த்திருக்க வேண்டும். பட்டுச் சேலை இல்லை, அவ்வளவுதான். மற்றபடி கல்யாண வீட்டுக்கு வருகிறவள் போலத்தான் வந்தாள். “பாவம் லா ரோஷி. அந்த மாதிரிப் புதுக் கம்பெனியெல்லாம் இப்படித்தான். எங்க கம்பெனில இவரு எத்தனை வருஷமா இருக்காரு பாரு. அம்மா, ஜெய்க்கு நெறையா சோறு போடுங்க, எளைச்சுப் போயிட்டாரு.” மீன் தலை ஆதவன் தட்டுக்குத் திரும்பி வந்தது. அவனுக்கு அது மறுபடியும் ஒத்துக்கொண்டது.

ரோஷினி பதிலே பேசவில்லை. பேசாத ரோஷினியை நாங்கள் அதற்கு முன் பார்த்ததில்லை. அதற்கப்புறம் சில வாரம் அவள் வரவும் இல்லை. அக்கா வீட்டில் புது சோபா வாங்கினார்கள் என்று லீலா அக்கா ஃபோனில் சொன்னதற்கு, “வாங்கட்டும், அத்தானுக்கு வேலை இருக்கில்ல” என்று சொல்லி வைத்துவிட்டாளாம். பொறாமை எங்கும் போய்விடவில்லை. ஈசூனிலிருந்து ரோஷினி இருக்கும் பொங்கோலுக்குக் குடி மாறியிருந்தது.

இந்த இடத்தில் கதை முடிந்திருந்தால் ஆதவன் இன்றைக்கும் டை கட்டிக்கொண்டு லெங் கீயில் நின்றுகொண்டிருப்பான். ஆனால் கார்த் தொழில் ஓர் இடத்தில் நிற்கிறதா என்ன! ஆதவனின் கம்பெனி பெட்ரோல் காரை மட்டும் நம்பினால் சாப்பிட முடியாது என்று தெரிந்துகொண்டு, ஒரு மின்சாரக் காருக்கு விநியோக உரிமை வாங்கியது. ஷோரூமில் பாதியை அதற்கு ஒதுக்கினார்கள். அதற்கும் பழைய ஆட்களுக்கும் மேலே ஒரு மேனேஜர் வேண்டும். இத்தனை வருஷம் இருந்தவன் நான்தானே என்று ஆதவன் புது டை வாங்கினான். வீட்டில் நிரஞ்சனா ஏற்கெனவே “மேனேஜர் வைஃப்” என்று பாதிப் பேருக்குச் சொல்லிவிட்டாள்.

கம்பெனிக்கு வேண்டியிருந்தது மின்சாரக் கார் விற்றுப் பழகிய ஆள். அதுவும் ஏற்கெனவே இந்த ஷோரூமில் இருந்து, இங்கத்து வழமை தெரிந்த ஆளாக இருந்தால் விசேஷம். அதுவும் உடனே வரக்கூடிய, கையில் வேறு வேலை இல்லாத ஆளாக இருந்தால் ரொம்ப விசேஷம்.

ஒரு திங்கட்கிழமை காலை ஆதவன் உள்ளே நுழைந்தபோது மேனேஜரின் கண்ணாடி அறையில் ஜெய் உட்கார்ந்திருந்தான்.

“குட் மார்னிங் ப்ரோ” என்று எழுந்து வந்து கட்டிக்கொண்டானாம். “மொதல்லயே சொல்லிருப்பேன். ரோஷிதான் சர்ப்ரைஸா இருக்கட்டும்னா.”

அதுதான் ரோஷினி பேசாமல் இருந்த காரணம்.

ஜெய் கெட்டவனாக நடந்துகொண்டிருந்தால் ஆதவனுக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். ஊர் முழுக்கச் சொல்லித் திரியலாம். அவன் அப்படிச் செய்யவில்லை. ப்ரோ ப்ரோ என்றான். தனக்கு வந்த வாடிக்கையாளர்கள் இரண்டு பேரை ஆதவன் பக்கம் அனுப்பிவைத்தான். மதியம் சாப்பாடு வாங்கிக் கொடுத்தான். ஒன்றே ஒன்றுதான் சொன்னான்: “ப்ரோ, அந்த டை மட்டும் வேணாம். நியூ கான்செப்ட் லா.” ஆதவன் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டான். வெற்றுக் கழுத்தோடு வீட்டுக்கு வந்தவனைப் பார்த்து நிரஞ்சனா சங்கிலியைத்தான் யாரோ அறுத்துவிட்டார்கள் என்று பயந்துவிட்டாளாம்.

இரண்டு மாதம் ஆதவன் பல்லைக் கடித்துக்கொண்டு போய் வந்தான். ஜெய்யின் கண்ணாடி அறையில் ஏர்கான் அதிகக் குளிர்ச்சி என்பான். ஜெய்க்கு மட்டும் ஓட்டிப் பார்க்க ஒரு கார் கொடுத்திருக்கிறார்கள் என்பான். ஜெய்யைப் பார்த்து முதலாளி சிரித்தார், தன்னைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினார் என்பான். இவ்வளவும் லீலா அக்காவிடம்தான் சொல்வான்; காது மந்தம் என்பதால் சத்தமாகச் சொல்வான். ஒரு ஆறுதல் மட்டும் கடைசியில் சேர்த்துக்கொள்வான்: “ஆனா அத்தை, எனக்கு இந்த வேலையை அம்மாவே பாத்துக் குடுத்துருக்கா. நான் விழுந்தாலும் அவ விடமாட்டா.” அதைச் சொல்லும்போது அவன் குரல் தணிந்துவிடும். உண்மையாகவே நம்பினான். எங்களுக்குத்தான் செடிப் பக்கம் திரும்பிக்கொள்ள வேண்டியிருந்தது.

தீபாவளி வந்தது. இரண்டு பெண்களும் குடும்பத்தோடு வந்திருந்தார்கள். ஜெய் எல்லாருக்கும் துணி எடுத்துக்கொண்டு வந்திருந்தான், ஆதவனுக்கும் சேர்த்து. அங்கேதான் தீ பிடித்தது.

“எங்களுக்கு எதுக்கு லா துணி? எங்களுக்கு வாங்கிக்கத் தெரியாதா?” என்றாள் நிரஞ்சனா.

“அவரு ஆசையா வாங்கிட்டு வந்தாருக்கா. ஆஃபீஸ்லயும் எல்லா ஸ்டாஃபுக்கும் எதாவது குடுத்தாரு” என்றாள் ரோஷினி.

“ஸ்டாஃபா? யாருடி ஸ்டாஃப்? எம் புருஷன் இவனுக்கு ஸ்டாஃபா?”

“நான் அப்படியா சொன்னேன்? வேலைன்னா மேல கீழ இருக்கத்தான் செய்யும்.”

“மேலயா! ரிட்ரெஞ்ச் பண்ணித் தொரத்திவிட்ட ஆளு!”

“தொரத்திவிட்ட ஆளைத்தான் கூப்பிட்டு மேல உக்கார வெச்சிருக்காங்க. அத்தானைத் தொரத்தவும் இல்ல, ஏத்தவும் இல்ல. இருந்த எடத்துலயே இருக்காரு.”

“நிரஞ்சனா, விடு” என்றான் ஆதவன்.

அவள் விடவில்லை. அந்தப் பத்து நொடி அவள் வாயை யாராவது பொத்தியிருந்தால் எத்தனையோ நடந்திருக்காது. “என் புத்தியச் செருப்பால அடிக்கணும். ரெண்டு பொட்டலத்துலயும் அரளியக் கட்டாம ஒன்னுல மல்லியக் கட்டிருந்தா, வெள்ளை வந்துருந்தாலும் வந்துருக்கும். இவன் அந்தக் கம்பெனியிலயே கெடந்து தொலைஞ்சிருப்பான். இங்க வந்து எங்க தலை மேல உக்காந்துருக்க மாட்டான்!”

எங்கள் மாடியில் ஒருத்தர் கையில் இருந்த முறுக்கு கையிலேயே நின்றது.

“என்னம்மா சொல்ற?” என்று இராமசாமி கேட்டார். “அம்மா சன்னதியிலயா? நான் கையெடுத்துக் கும்பிட்டுக்கிட்டு நின்னனே. என்னையும் அவளையும் சேத்தா ஏமாத்துன?”

நிரஞ்சனா அழ ஆரம்பித்தாள். “இவருக்கு வேலை போயிருக்கும்ப்பா. அந்த ஒரு காரு இல்லன்னா போயிருக்கும்.”

ரோஷினி எழுந்து நின்றாள். நாங்கள் எல்லாரும் இனி அடிதடிதான் என்று நினைத்தோம். ஆனால் அவளுக்கு முன்னால் ஜெய் சிரித்துவிட்டான். குத்தலாகச் சிரிக்கவில்லை, வயிறு குலுங்க, கண்ணில் நீர் வரச் சிரித்தான்.

“அக்கா, நீங்க மட்டும் மல்லி கட்டிருந்தீங்கன்னா நான் இன்னும் அந்த ஐஸ்கிரீம் கடைக்குப் பக்கத்துல டீஷர்ட் போட்டுக்கிட்டு நின்னுக்கிட்டிருப்பேன். எனக்கு இந்த வேலை உங்களாலதான். ரொம்பத் தேங்க்ஸ்க்கா. சீரியஸா. ப்ரோ, உங்களுக்கும்.”

ஆதவன் ஜெய்யைப் பார்க்கவில்லை. மனைவியைத்தான் பார்த்தான். “அப்ப அன்னிக்கு அம்மா எனக்காக எடுத்துக் குடுக்கலியா?” என்று கேட்டான். குழந்தை கேட்பது மாதிரிக் கேட்டான். அவள் மூக்கைச் சிந்தினாள். அவன் ஷூவைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு கீழே இறங்கிப் போய்விட்டான். லிஃப்ட் வரக் காத்திருக்கவில்லை. பதினோரு மாடியும் படியில்.

ஆட்குறைப்பில் தப்பித்த வேலையை அவன் அடுத்த நாள் தானாகவே எழுதிக் கொடுத்துவிட்டான். ஜெய் வாங்க மறுத்தானாம். “ப்ரோ, வீட்டு விஷயத்த வீட்டோட வைங்க. பிள்ளைங்க இருக்கு” என்று கெஞ்சினானாம். ஆதவன், “நீ குடுத்து நான் இருக்கணுமா?” என்று கேட்டு, மேசை மேல் வைத்துவிட்டு வந்துவிட்டான். தானாகப் போகிறவனுக்குக் கம்பெனி என்ன கொடுக்கும்? கை குலுக்கினார்கள். ஜூனிலேயே போயிருந்தால் இழப்பீடாவது வந்திருக்கும் என்று எங்கள் மாடியில் பேசிக்கொண்டோம். அவன் காதில் விழுகிற மாதிரி யாரும் பேசவில்லை. அவ்வளவு கல் நெஞ்சம் எங்களுக்கு இல்லை.

இராமசாமி அந்தக் காரைக் கோயில் பக்கம் எடுத்துப் போவதை நிறுத்திவிட்டார். பெரிய பெண்ணோடு பேச்சும் பொங்கல் வரைக்கும் இல்லை. லீலா அக்கா மட்டும் இரண்டு பக்கமும் ஃபோன் பேசி, ஒரு பக்கம் சொன்னதை மறு பக்கம் சொல்லாமல் சமாளித்தார். காது மந்தமானவர்களுக்கு அது ஒரு வசதி.

அப்புறம் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். சீனப் புத்தாண்டு முடிந்ததும் ஆதவனும் நிரஞ்சனாவும் ஈசூன் வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு மலேசியாவின் ஜோகூருக்குக் குடி போய்விட்டார்கள். அங்கே அவன் சிங்கப்பூர்க்காரர்களுக்குக் கொண்டோ வீடு விற்றுக் கொடுக்கும் ஓர் ஆபீசில் சேர்ந்திருக்கிறான். பிள்ளைகள் விடிகாலையில் எழுந்து பாலம் தாண்டி இங்கேயே பள்ளிக்கு வருகிறார்கள். நிரஞ்சனா அற்புதமேரிக்கு மட்டும் ஃபோன் பண்ணுவாள். சுகம் விசாரித்துவிட்டு, ரோஷினி வீட்டில் எத்தனை அறை என்று கேட்பாள். ஜெய்யையும் அந்தக் கம்பெனி இங்கே நிலையாக வைத்திருக்கவில்லை. மின்சாரப் பக்கத்தை மொத்தமாகப் பாங்காக்குக்கு மாற்றியபோது வருகிறாயா, நிற்கிறாயா என்று கேட்டார்கள். வருகிறேன் என்றான். இப்போது ரோஷினியும் அங்கேதான். அறை நான்கு என்று அற்புதமேரி சொன்னாளாம். உண்மையில் மூன்றுதான்.

அற்புதமேரியின் மகள் கேட்லினுக்குப் போன மே மாதம் ஓப்பிர் ரோடு லூர்து மாதா கோயிலில் கல்யாணம். மாப்பிள்ளை எட்மண்ட், பஸ் ஓட்டுகிறான்; தங்கமான பையன். எங்கள் மாடியே திரண்டு போயிருந்தோம். அக்காவும் தங்கையும் ஆளுக்கொரு ஊரிலிருந்து வந்து, ஒருத்தி முன் வரிசையிலும் ஒருத்தி பின் வரிசையிலும் உட்கார்ந்தார்கள். கேட்லினும் எட்மண்டும் உட்லண்ட்ஸில் தனிக்குடித்தனம் போயிருக்கிறார்கள். அவர்களைப் பார்க்க அற்புதமேரி பஸ்ஸில்தான் போய் வருகிறாள்; இந்த மாமியாருக்குக் கார் தேவைப்படவில்லை.